கோதையின் பிறந்தகம்

(பெற்றோரும் குழந்தைகளும் உடனமர்ந்து பயில ஒரு பாடம்)

ஸ்ரீ:

திருவிழாவைச் சேவிக்கக் குடும்பத்தோடு எழுந்தருளியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழா மலர்களில் வரும் கட்டுரைகளுள் பல, பெரியோர் படித்து இன்புறுவதற்கென்றே எழுதப்படுபவை. இக்கட்டுரை அவ்வாறன்று. புறப்பாட்டிற்கும் பிரசாத விநியோகத்திற்கும் இடையே மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நேரத்தில், அருகிலிருக்கும் குழந்தைக்குத் தாயோ தந்தையோ படித்துச் சொல்லத் தக்கதாக இது அமைக்கப்பட்டுள்ளது. தந்தையும் மகளும் உரையாடுவதாக ஆங்காங்கே வரும் பகுதிகளை வாய்விட்டுப் படிக்கலாம். குழந்தை வேறு விடை சொன்னால் அதையும் பொறுமையோடு கேட்டுக்கொள்ளலாம்.

"ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லித்தான் பெற்றோர் குழந்தைகளைத் திருவிழாவிற்கு அழைத்து வருகின்றனர். வந்த இரண்டாம் நாளே குழந்தை, "நம் வீட்டிற்கு எப்போது போவோம்?" என்று கேட்கிறது. தந்தைக்கு வந்து சேர்ந்த இடமே வீடு. குழந்தைக்கோ விட்டு வந்த இடமே வீடு. பாட்டனார் வாழ்ந்த அகம் பலருக்கும் கைமாறிவிட்டது. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராக மாறி, வாடகைக்குக் குடியிருந்தே பிள்ளைகளை வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். அத்தகைய குடும்பத்தில் பிறந்த குழந்தை "நம் வீடு எது?" என்று கேட்டால், அதனை விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிட இயலாது. தன் வேர் எங்கே என்று அது கேட்கிறது. அதற்கு நாம் சொல்லும் விடை அதன் வாழ்நாள் முழுவதும் கூட வரும்.

இவ்வினாவிற்கு விடை தரும் ஓர் இல்லம் ஆழ்வார்கள் வரலாற்றில் உண்டு. ஒரு தந்தையும் ஒரு மகளுமாக வாழ்ந்த இல்லம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் கோதையும் வாழ்ந்த அவ்வில்லத்தின் வாசலிலிருந்து நம் பாடத்தைத் தொடங்குவோம்.

1. சொல்லும் பொருளும்

மகள்: அப்பா, வீடு என்றால் என்ன?

தந்தை: நீயே சொல், குழந்தாய்.

மகள்: சுவர் இருக்கும், கூரை இருக்கும், கதவு இருக்கும்.

தந்தை: பள்ளிக்கூடத்திற்கும் இவை மூன்றும் உண்டே! அது வீடா?

மகள்: இல்லை. அங்கே அம்மா இல்லை.

குழந்தை சொன்ன விடை சிறியதாயினும் நேராக உட்பொருளைத் தொட்டுவிட்டது. தமிழ்ச் சொற்களும் அதனையே சொல்கின்றன. வைணவ இல்லங்களில் வீட்டை "அகம்" என்று வழங்குவது மரபு. அகம் என்பதற்கு உள்ளிடம் என்றும் உள்ளம் என்றும் பொருள் உண்டு. உறையும் இடத்திற்கும் உள்ளத்திற்கும் ஒரே சொல்லை வைத்த பெரியோர், இரண்டையும் ஒருங்கே துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணினர் போலும். பெண் பிறந்த இடம் பிறந்தகம். மணந்து சென்று புகுந்த இடம் புக்ககம்.

பழைய நூல்களில் இல், மனை என்ற சொற்களே மிகுதியாக வரும். "இல்" என்ற சொல்லோடு தலைவனைக் குறிக்கும் "கோ" சேர்ந்து கோயில் ஆயிற்று. ஆகவே கோயில் என்பதும் ஒரு வீடே. வைணவர் "கோயில்" என்று வாளா சொன்னால் அது திருவரங்கத்தைக் குறிக்கும். அடைமொழி ஏதுமின்றி, உலகில் ஒரே வீடு உண்டு என்பது போல அதனை அவர்கள் வழங்கினர். ஆசார்யர்களும் பாகவதர்களும் வாழும் வீட்டைத் "திருமாளிகை" என்பர். அது ஓலைக் குடிசையாயினும் திருமாளிகையே. கட்டடத்தின் அளவை நோக்காது, அங்கு வாழ்பவரின் பெருமையை நோக்கி அமைந்த பெயர் அது.

2. சிற்றில்

குழந்தைகள் தாமே கட்டும் வீடு ஒன்று உண்டு. மணலைக் குவித்து, கோடு கிழித்து, அறை வகுத்து, அடுப்பு வைத்து விளையாடும் அச்சிறு வீட்டிற்குச் சிற்றில் என்று பெயர். கோதை அருளிச்செய்த நாச்சியார் திருமொழியில் 14 திருமொழிகள் உள்ளன. அவற்றுள் இரண்டாவது, சிற்றிலைச் சிதைக்க வேண்டா என்று ஆயர் சிறுமியர் கண்ணனை வேண்டுவதாக அமைந்தது. முதுகு நோவ நெடும்பொழுது அமர்ந்து இழைத்த மணல் வீட்டை அவன் வந்து அழிக்கிறான். சிறுமியர் கெஞ்சுகின்றனர், கோபிக்கின்றனர், மீண்டும் கெஞ்சுகின்றனர்.

மகள்: கண்ணன் ஏன் அப்படிச் செய்தான், அப்பா? பாவம் அல்லவா அவர்கள்?

தந்தை: நீ சிற்றில் கட்டும்போது யாரையேனும் நிமிர்ந்து பார்ப்பாயா?

மகள்: மாட்டேன். மணலைத்தான் பார்ப்பேன்.

தந்தை: அவன் வந்து நின்றதை அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள் அல்லவா?

வீட்டைக் கட்டுவதிலேயே கண்ணாயிருந்து, யாருக்காக வீடு என்பதை மறந்துவிடும் பேதைமை சிறுமியர்க்கு மட்டும் உரியதன்று. கடன்பட்டு மனை வாங்கி, கடன் அடைக்க இரவு பகலாக உழைத்து, அவ்வீட்டில் குழந்தையோடு ஒரு நாழிகை அமரவும் பொழுதின்றித் தவிக்கும் பெரியோரும் சிற்றில் இழைப்பவரே. அவன் காலால் அழித்தது மணலை மாத்திரமே. கட்டியவர்களை அவன் அழிக்கவில்லை. அவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தான். இப்பொருளைக் குழந்தைக்கு இப்போது விரிக்க வேண்டா. மணல் வீடு சிதைந்தால் அழுகை வரும். ஆனால் உடன் விளையாடியவர் இருந்தால் மறுபடியும் கட்டலாம் என்று சொன்னாற் போதும்.

3. துளசி வனத்தில் கிடைத்த செல்வம்

விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வாருக்கு நந்தவனமே உலகம். வடபத்ரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாத்துவது அவர் மேற்கொண்ட கைங்கர்யம். அந்நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஒரு நாள் பெண் குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கோதை என்பதற்கு மாலை என்றும் பொருள். தாம் நாளும் தொடுத்த பொருளின் பெயரையே மகளுக்கு இட்டார் தந்தை.

மகள்: அப்படியானால் கோதை அந்த வீட்டில் பிறக்கவில்லையா?

தந்தை: இல்லை. ஆயினும் அதுவே அவள் பிறந்தகம்.

மகள்: அது எப்படி?

தந்தை: யார் எடுத்தாரோ, யார் பெயரிட்டாரோ, யார் ஊட்டினாரோ, அவரே தந்தை. அவர் இருந்த இடமே வீடு.

கண்ணனுக்கும் இதுவே நேர்ந்தது. வடமதுரையில் சிறைக்கூடத்தில் பிறந்தவன், அன்றிரவே ஆய்ப்பாடி சேர்ந்து யசோதையின் பிள்ளையாக வளர்ந்தான். திருப்பாவையின் 25 ஆம் பாசுரத்தில் கோதை இதனை நெஞ்சுருகப் பாடியிருக்கிறாள். ஓரிடத்தில் தோன்றி மற்றோரிடத்தில் வளர்ந்த தன் கதையும் அவள் நினைவில் எழுந்திருக்கக்கூடும் அல்லவா? குலசேகரப் பெருமாளோ தேவகியின் புலம்பலைப் பாடினார். பெற்றும் வளர்க்கும் பேறு பெறாத தாயின் துயரம் அது. வீடு என்பது பிறப்பினால் மட்டும் வாய்ப்பதன்று, வளர்ப்பினால் வாய்ப்பது என்பதற்குத் தேவகியின் கண்ணீரும் யசோதையின் களிப்பும் சான்றுகள்.

பெரியாழ்வார் தம் திருமொழியில் யசோதையாகவே மாறித் தாலாட்டினார், நிலவை அழைத்தார், சப்பாணி கொட்டச் சொன்னார், தளர்நடை கண்டு மகிழ்ந்தார், நீராட அழைத்தார், பூச்சூட்ட அழைத்தார். ஒரு வீட்டில் நாள் முழுதும் குழந்தையோடு நடக்கும் சிறு செயல்கள் யாவும் அங்கே பாசுரங்களாயின. வேதம் வல்ல அப்பெரியார் குழந்தையின் நடையையும் குளியலையும் பாடத் தக்க பொருளாகக் கொண்டார். நம் வீடுகளில் இதே செயல்களை நாம் அவசரத்தோடும் அலுப்போடும் செய்து முடிக்கிறோம் என்பதை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம்.

அவ்வில்லத்தில் ஒரு பிணக்கும் நிகழ்ந்தது. பெருமாளுக்கென்று கட்டி வைத்த மாலையைக் கோதை தான் சூடி அழகு பார்த்துப் பின் கூடையில் வைப்பாள். ஒரு நாள் தந்தை அதனைக் கண்டார். மனம் நொந்து மகளைக் கடிந்தார். அன்று மாலை சாத்தாது விட்டார். எம்பெருமான் அவர் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது என்று அருளினான். தந்தை மகளை நோக்கிய பார்வை அன்று முதல் மாறிற்று. குற்றம் என்று கடிந்த செயலே அவளுக்குச் "சூடிக்கொடுத்த சுடர்க்கொடி" என்ற பெயரைத் தந்தது. கடிந்த தந்தை தம் கடுமையைக் கைவிடவும், கடியப்பட்ட குழந்தை அஞ்சாமல் மீண்டும் அருகில் வரவும் இடம் தருவதே இல்லம்.

4. பத்து வாசல்கள்

மார்கழி நோன்பிற்கென எழுந்த கோதை திருப்பாவையில் நேரே பெருமாளிடம் சென்றாளில்லை. 6 ஆம் பாசுரம் முதல் 15 ஆம் பாசுரம் வரை, ஒவ்வொரு பாசுரத்திலும் ஒரு வாசலாகப் பத்து வாசல்களில் நின்று தோழியரை எழுப்புகிறாள். 16 ஆம் பாசுரத்தில்தான் நந்தகோபன் திருமாளிகையின் வாயில் வருகிறது. வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும் வடபத்ரசாயி கோயிலையே நந்தகோபன் திருமாளிகையாகவும் அவள் பாவித்தாள் என்பது பெரியோர் கொள்கை.

குழந்தைக்கு இதில் ஓர் எளிய பாடம் உண்டு. நம் வீடு என்பது நம் கதவோடு முடிவதன்று. தெருவில் யார் யார் உள்ளனர், யார் இன்னும் எழவில்லை, யார் வரவில்லை என்று அறிந்திருப்பவர்க்கே ஊர் என்ற ஒன்று உண்டு. அடுத்த கதவில் இருப்பவர் பெயர் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாழும் நகரத்துக் குடும்பங்கள் இப்பத்துப் பாசுரங்களைக் குழந்தையோடு கூடிச் சேவித்தால், அவற்றின் அருமை தானே விளங்கும்.

5. வெறிச்சோடிய இல்லம்

பெண் குழந்தையைப் பெற்றவர்க்கு ஒரு நாள் வரும். கோதை திருவரங்கம் சென்று அரங்கனோடு கலந்தாள். பெரியாழ்வார் தனியே திரும்பினார். பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் எட்டாம் திருமொழி, தலைவனோடு சென்றுவிட்ட மகளை நினைந்து தாய் வருந்துவதாக அமைந்தது. பனி பெய்து இதழும் தாதும் உதிர்ந்து அழகிழந்த தாமரைப் பொய்கைக்கு, மகள் நீங்கிய இல்லத்தை அத்தாய் ஒப்பிடுகிறாள். சென்ற இடத்தில் மகளைப் போற்றுவார்களோ, புக்ககத்தார் சிறப்புச் செய்வார்களோ என்று அவள் நெஞ்சம் அலைகிறது. கோதையின் தந்தை வாக்கில் இது வந்தது என்று எண்ணிப் படிப்போர்க்குக் கண் கலங்காதிருப்பது அரிது.

மகள்: நான் பெரியவளானால் நம் வீடும் அப்படி ஆகிவிடுமா?

தந்தை: சில நாள் அப்படி இருக்கும். பொய்கை வற்றிவிடாது, மலர்தான் உதிரும்.

மகள்: பிறகு?

தந்தை: நீ வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நாங்கள் விளக்கேற்றி வைப்போம்.

மகனையும் மகளையும் கடல் கடந்து அனுப்பிவிட்டு, பெரிய வீட்டில் இருவராகவோ ஒருவராகவோ இருக்கும் பெரியோர் இத்திருவிழாக் கூட்டத்திலும் பலர் இருப்பர். தம் வீட்டின் வெறுமையைக் குறை என்று அவர்கள் எண்ண வேண்டா. ஆழ்வார் திருவாக்கில் இடம் பெற்ற வெறுமை அது. ஒருவர் இல்லாததை உணரும் வீடே, அவர் இருந்தபோது உண்மையில் வீடாக இருந்தது.

6. பச்சை பரத்தல்

கோதையின் கதை அப்பிரிவோடு முடியவில்லை. பெரியாழ்வாரின் இல்லம் இருந்த இடத்திலேயே ஆண்டாள் திருக்கோயில் எழுந்தது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு. அவள் கிடைத்த நந்தவனமும், மாலை சூடித் தன் உருவைக் கண்டதாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறும் இன்றும் அங்கே சேவிக்கக் கிடைக்கின்றன. வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து வியக்கும் குழந்தையை, தவறாது அந்நந்தவனத்திற்கும் அழைத்துச் செல்ல வேண்டும்.

அத்தலத்தில் ஆண்டுதோறும் மார்கழியில் நடைபெறும் ஒரு நிகழ்ச்சி நம் பாடத்திற்கு உயிர் போன்றது. பகல்பத்தின் முதல் நாளன்று ஆண்டாள் தன் பிறந்தகத்திற்கு எழுந்தருளுகிறாள். பெரியாழ்வார் வம்சத்தவராகிய வேதபிரான் பட்டர் திருமாளிகையே அவள் பிறந்தகம். மணம் முடித்த மகள் தாய்வீடு வந்தால் என்ன செய்வோமோ, அதுவே அங்கும் நடக்கிறது. காய்கறிகளையும் பசுமையான விளைபொருள்களையும் வாசலில் திரளாகப் பரப்பி அவளை வரவேற்கின்றனர். இதற்குப் "பச்சை பரத்தல்" என்று பெயர். பொன்னும் பட்டும் பரப்பவில்லை என்பதைக் குழந்தைக்குச் சுட்டிக் காட்டலாம். தோட்டத்தில் விளைந்ததும் சமையலறைக்கு உரியதுமான பொருளே தாய்வீட்டுச் சீர்.

உலகை ஆளும் பிராட்டிக்கும் போய்வரப் பிறந்தகம் வேண்டியிருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் "எங்கள் பெண் வருகிறாள்" என்று ஒரு குடும்பம் வாசலில் காத்து நிற்கிறது. "நம் வீடு எது?" என்று கேட்ட குழந்தைக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ? நாம் வருவோம் என்று எங்கே காத்திருக்கின்றனரோ, அங்கே நமக்கு ஒரு வீடு உண்டு.

7. வீடு இழந்தவர்க்கு

"எங்களுக்கு அப்படிக் காத்திருப்பவர் எவரும் இல்லையே; இருந்த வீடும் போய்விட்டதே" என்பவர்க்கு என்ன சொல்வது? கோதையின் புக்ககமாகிய திருவரங்கத்தின் வரலாறு அவர்க்கு ஆறுதலாகும். 1323 ஆம் ஆண்டில் தில்லிப் படையெடுப்பின்போது, உற்சவமூர்த்தியாகிய பெருமாள் கோயிலை விட்டு வெளியேற நேர்ந்தது. முதுமையைப் பொருட்படுத்தாது உடன் சென்ற பிள்ளை லோகாசார்யர் வழியில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் எழுந்தருளியிருந்த பெருமாள், செஞ்சியை ஆண்ட கோபணாரியரின் முயற்சியால் 1371 ஆம் ஆண்டில் திருவரங்கம் திரும்பினார். இடையே கழிந்தவை ஏறத்தாழ 48 ஆண்டுகள். வீட்டை விட்டு வாடியவர் வரிசையில் அரங்கனே முன் நிற்கிறான்.

திரும்பியபோது ஓர் இடர் எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து பூசித்து வந்தனர். பழைய பெருமாளை நேரில் சேவித்து அடையாளம் சொல்ல வல்லார் அரியராயினர். முதுமையால் கண் பார்வை இழந்த சலவைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். பெருமாளின் திருப்பரிவட்டங்களை முன்னாளில் வெளுத்துக் கொடுத்தவர். திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் தீர்த்தத்தைப் பருகியதும், பழகிய மணத்தாலும் சுவையாலும் உணர்ந்து, "இவரே நம்பெருமாள்" என்று கூவினார் என்பது மரபு வழி வரலாறு. அத்திருநாமமே நிலைத்தது.

மகள்: கண் தெரியாதவருக்கு எப்படித் தெரிந்தது?

தந்தை: நெடுநாள் தொண்டு செய்த கைக்குத் தெரியும், குழந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டாலும் உன் காலடி ஓசையை அறிவேன் அல்லவா?

அரை நூற்றாண்டு அயலிடங்களில் கழிந்த பின்னும், "நம்" என்று சொல்லி அறிந்துகொள்ள ஒருவர் இருந்தார். பத்திரங்களும் எல்லைக் கற்களும் மாறலாம். "நம்மவர்" என்று நம்மை அறியும் நெஞ்சம் ஒன்று இருக்குமளவும் வீடு அழிவதில்லை.

8. விட்டால் வீடு

இறுதியாகச் சொல்லின் உட்பொருளுக்கு வருவோம். "விடு" என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு "வீடு" ஆயிற்று; சுடு என்பது சூடு ஆனது போல, கெடு என்பது கேடு ஆனது போல. ஆகவே வீடு என்பதற்கு விடுதல் என்பதே அடிப்படைப் பொருள். மோக்ஷத்திற்கும் தமிழில் அதுவே பெயர். நம்மாழ்வார் திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் திருமொழியைத் தொடங்கும்போது, ஒரே பாசுரத்தில் இச்சொல்லை நான்கு முறை எடுத்தாள்கிறார். விட வேண்டியவற்றை விட்டு, வீட்டிற்கு உடையவனிடம் உயிரை ஒப்படைக்கச் சொல்கிறது அப்பாசுரம்.

வெளியே சுமந்த சுமைகளை இறக்கி வைக்கும் இடம் என்பதால் நாம் வாழும் இல்லத்திற்கும் அப்பெயர் பொருந்துகிறது. பகையை வாசலில் விட வேண்டும். உத்தியோகத்தின் கவலையைச் செருப்போடு விட வேண்டும். விடாமல் உள்ளே கொண்டுவந்தால் அது கட்டடம். விட்டு வந்தால் அது வீடு. இவ்வுலகில் குழந்தை காணும் சிறு வீடு, என்றும் பிரியாத பெருவீட்டிற்குப் பயிற்சிக்கூடம். அங்கும் நமக்காகக் காத்திருப்பவன் ஒருவன் உளன் என்பதே ஆசார்யர்கள் நமக்கு அளித்த உறுதி.

பயிற்சி

திருவிழாவிலிருந்து திரும்பிய பின் குழந்தையோடு செய்யத் தக்கவை:

1. உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களின் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுக. ஒவ்வொன்றையும் விட்டுவந்த காரணத்தைக் குழந்தைக்குச் சொல்க.

2. குடியிருப்பது வாடகை வீடாயினும், அதில் பெருமாளுக்கென்று ஒரு மூலையைக் குழந்தையின் கையாலேயே துடைத்துக் கோலமிடச் செய்க.

3. நம் வீட்டின் இரு பக்கமும் வாழ்பவர் யார் என்று குழந்தையைக் கேட்க. தெரியாவிடில் இருவருமாகச் சென்று அறிக.

4. யாரேனும் ஒருவர் வருவதற்காக வீட்டில் எதனைப் பரப்பி வரவேற்கலாம் என்று கேட்க. விடையைத் திருத்த வேண்டா.

5. வீட்டிற்குள் வருமுன் இன்று எதனை வாசலில் விட்டோம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்க. முதலில் சொல்ல வேண்டியவர் பெரியவரே.

இப்பயிற்சிகள் நிறைந்த வீட்டில் வளரும் குழந்தை எவ்வூர் சென்றாலும் வீடில்லாது வாடாது. தந்தைக்கு மகளாய், ஊருக்குச் செல்வமாய், அரங்கனுக்குத் தேவியாய் விளங்கும் கோதை நாச்சியார், நம் இல்லங்கள் தோறும் குழந்தைகளின் சிரிப்பாய் எழுந்தருளி வாழ்விப்பாளாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.